நான்காவது புள்ளி

அத்தியாயம் ஏழு

"கண்ணை மூடிக்கினு பாத்தாத்தான் தெரியும்னு சொல்ற எடம், செங்கல்பட்டுலயே இது ஒண்ணுதான் மேடம்," என்றான் வரதன்.

ரோகிணி நிஜமாகவே கண்களை மூடிக்கொண்டிருந்தாள். எதிரே மேஜைமேல் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். இரண்டிலும் இன்சுலின். ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே மாதிரி ரப்பர் மூடி. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு தடித்த காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. காகிதத்தில் ஒரு சொட்டு மை கிடையாது. மேலெழும்பிய புள்ளிகள் மட்டும்.

குப்பிகளுக்குச் சொந்தக்காரர் பாலசுப்ரமணியன் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அணுமின் நிலையத்தில் வரைபடக்காரராக வேலை பார்த்தவர். அணுபுரம் குடியிருப்பில் வீடு. சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. வேலையை விட்டு யாரும் அனுப்பவில்லை. ஒரு நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார்கள். வரைய முடியாத வரைபடக்காரர் மூன்று வருஷம் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, செங்கல்பட்டில் இருந்த இந்த பிரெய்ல் அச்சகத்துக்குப் பிழை திருத்தப் பயிற்சிக்கு வந்தார். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற பாடப்புத்தகங்களில், ஒரு புள்ளி கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கிற வேலை.

பயிற்சி முடிகிற சமயம். ஒரு நாள் காலையில் வீட்டில் தானே ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கியவர் கழிப்பிடச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை. நாக்கு குழறியது. எழுந்து நிற்கப் பார்த்து மறுபடி விழுந்தார். போனவர்களும் வந்தவர்களும், காலையிலேயே குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்று ஒதுங்கிப் போனார்கள். பூ விற்கிற பூவாயி என்ற பெண் கிட்டே வந்து முகத்தைத் திருப்பியபோது மூச்சு இல்லை.

உடம்பில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். காலையில் மெதுவாக வேலை செய்கிற இன்சுலினை அதிக அளவு போட வேண்டும். மாலையில் வேகமாக வேலை செய்கிறதைக் கொஞ்சம் போட வேண்டும். அவர் மாலைக் குப்பியிலிருந்து காலை அளவை எடுத்துவிட்டார். 'குருட்டு மனுஷன், லேபிளைத் தப்பாகப் படித்துவிட்டார், விபத்து' என்று போலீஸ் முடித்துக்கொண்டது.

முடித்துக்கொள்ளாதவள் விஷாகா. அச்சகத்தின் தலைமைப் பிழை திருத்துநர், பயிற்சி ஆசிரியை. பிறவியிலேயே பார்வையில்லை. அவள்தான் ரோகிணியின் கட்சிக்காரி. பத்து வருஷம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, வேலையை உதறி, பஸ் நிலையத்துக்கு எதிரே துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியிருந்த ரோகிணியைத் தேடி வந்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "அவர் தப்பாப் படிக்கல. என்னால நிரூபிக்க முடியல. அச்சகத்து டிரஸ்ட்ல, சர்க்கரையால கண்ணு போனவங்களுக்கு இனிமே பயிற்சி வேண்டாம்னுட்டாங்க. விரல் மரத்துப் போனவன் படிச்சா இப்படித்தான் ஆகும்கறாங்க. இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க மேடம். மாசக் கடைசில வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. அதுல ரெண்டு பேருக்குப் போக வீடு கிடையாது."

அதற்காக ரோகிணி ஒரு வாரமாக அந்த ஐந்து பேரோடு பெஞ்சில் உட்கார்ந்து புள்ளி படித்துக்கொண்டிருந்தாள். வரதன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இப்போது அவளுடைய பழைய அம்பாசிடருக்கும் அவளுக்கும் ஒரே உதவியாள்.

"படிங்க," என்றாள் விஷாகா.

ரோகிணி முதல் குப்பியைத் தடவினாள். "க... கா... லை. காலை." அடுத்தது. "ம... மா... லை. மாலை. சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. துக்கம் கேக்கப் போனப்போ நானும் இப்படித்தான் படிச்சேன்."

"எனக்கு ரெண்டும் வேர்க்குரு மாரிதான் கீது," என்றான் வரதன். "இன்னா மேடம் வித்தியாசம்?"

"ஒரே ஒரு புள்ளி, வரதா. ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளி இடம். இடப்பக்கம் மூணு, வலப்பக்கம் மூணு. இடப்பக்கம் மேல ஒண்ணு, அடியில ஒண்ணு இருந்தா 'க'. அதோட வலப்பக்கம் மேல நாலாவது புள்ளி சேர்ந்தா 'ம'. மீதி எல்லாம் ஒண்ணுதான். அந்தப் புள்ளி இருந்தா மாலை. இல்லாட்டி காலை."

வரதன் குனிந்து குப்பிகளைப் பார்த்தான். "இது தப்பாப் போறதுக்குன்னே வச்ச மாரி கீதே மேடம். மரத்துப்போன வெரலு வேற."

"எல்லா விரலும் மரத்துப் போகல," என்றாள் விஷாகா. குரல் கொஞ்சம் ஏறியது. "இடது கை சுண்டு விரல்ல உணர்ச்சி இருந்தது. அதை அவரே கண்டுபிடிச்சார். ஊறுகாய் தொட்டுக்கற மாதிரி படிக்கிறாரேன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க. போன பரீட்சையில ஒரு பக்கம் முழுக்க 'க' வர்ற வார்த்தையாப் போட்டு, நடுவுல ஒரே ஒரு 'ம' வச்சேன். பேட்ச்ல அதைப் பிடிச்சது அவர் மட்டும்தான். அவரா மாத்திப் படிச்சார்?"

ரோகிணி மறுபடி மாலைக் குப்பியைக் கையில் எடுத்தாள். இந்த ஒரு வாரத்தில் அவள் கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம், பிழையைத் திருத்துகிற விதம். கூடுதல் புள்ளியை மரக்குச்சியால் தேய்த்து அமுக்குவார்கள். விட்டுப்போன புள்ளிக்கு, ஊசி முனையில் கெட்டிக் கோந்தைத் தொட்டு ஒரு சொட்டு வைப்பார்கள். காய்ந்தால் அது புள்ளிதான்.

அவள் விரல் நகத்தை ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் மெல்ல வைத்து அழுத்தினாள். காகிதப் புள்ளி அழுத்தினால் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். முதல் புள்ளி இறங்கியது. மூன்றாவது இறங்கியது. நான்காவது இறங்கவில்லை.

"விஷாகா. இதைத் தொட்டுப் பாருங்க. நகத்தால."

விஷாகா தொட்டாள். அவள் முகம் மாறியது.

"கோந்து."

"அன்னிக்குத் தொட்டப்போ தெரியலையா?"

"ஏதோ சில்லுனு கெட்டியா இருந்த மாதிரி பட்டுது. ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. எல்லாமே சில்லுனுதான் இருந்தது. சாவு வீட்டுல உக்காந்து நகத்தால நோண்டவா முடியும்?" அவள் மற்றக் குப்பியை எடுத்தாள். காலை. 'க'வின் வலப்பக்க மேல் மூலையை நெடுநேரம் தடவினாள். "இங்க புள்ளி இல்ல. ஆனா காகிதத்தோட தோல் உரிஞ்சிருக்கு. ஏதோ ஒட்டியிருந்து பேத்து எடுத்த இடம்."

"தமிள்ல சொல்லுங்க," என்றான் வரதன்.

ரோகிணி கண்களைத் திறந்தாள். "மாலைக் குப்பியில நாலாவது புள்ளியை யாரோ நகத்தால அமுக்கிட்டாங்க. அது காலைன்னு ஆயிடுச்சு. காலைக் குப்பியில ஒரு சொட்டு கோந்து வச்சாங்க. அது மாலை ஆயிடுச்சு. அவர் படிச்சார். சரியாத்தான் படிச்சார். அவர் செத்ததுக்கு அப்புறம் காலைக் குப்பியில வச்ச சொட்டைப் பேத்து எடுத்துட்டாங்க. மாலைக் குப்பியில அமுக்குன புள்ளியை மறுபடி எழுப்ப முடியாது. காகிதத்துக்குப் பின்னாடி கண்ணாடி. அதனால அங்கயும் கோந்து."

"இத்தினி பேஜாரு எதுக்கு? லேபிளைப் பிச்சு மாத்தி ஒட்டிட்டுப் போறது?"

"பிச்சா கிழியும். புதுசா எழுதி ஒட்டினா, புதுக் காகிதம்னு தொட்ட உடனே அவருக்குத் தெரிஞ்சிடும். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிஷம் போதும்."

விஷாகா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். "கோந்து வைக்கிறதைக் கத்துக் குடுத்தது நான்," என்றாள்.

உள்ளே அச்சு யந்திரம் தகட்டை அடித்துக்கொண்டிருந்தது.

"அவர் எப்பவும் கல்கண்டு வச்சிருப்பாருன்னு சொன்னீங்களே," என்றாள் ரோகிணி.

"சட்டைப் பையில. சர்க்கரை இறங்கினா வாய்ல போட்டுக்க. பெஞ்சுல எல்லாருக்கும் குடுப்பார்."

"போலீஸ் எடுத்த பொருள்ல பஸ் டிக்கெட் இருக்கு, கைக்குட்டை இருக்கு. கல்கண்டு இல்ல." ரோகிணி குப்பிகளைப் பையில் வைத்தாள். "ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடியவன். சட்டையில கை விடக் கூடியவன். அவர் செத்ததால எதையோ அடைஞ்சவன். வரதா, வண்டியை எடு. கடப்பாக்கம்."

*

படாளம் தாண்டும்வரை முன்னால் ஒரு கரும்பு லாரி வழிவிடவில்லை. வரதன் ஹாரனில் கை வைத்தபடியே பேசினான்.

"பையன்தானே மேடம்?"

"ஏன் அப்படிச் சொல்ற?"

"நீங்கதான சொன்னீங்க. நைனா வேலைல இருக்கசொல்லோ செத்தா, புள்ளைக்கு வேலை. அந்த மாசக் கடைசிலேருந்து ரிட்டையருன்னு எழுதிக் குட்த்துட்டாரு. ரிட்டையரானப்புறம் செத்தா புள்ளைக்குப் பட்டை நாமம். கரீட்டா அதுக்கு முந்தின வாரம் ஆளு காலி. இதுக்கு மேல இன்னா வோணும்?"

அதுதான் ரோகிணியின் கணக்கும். அபிஷேக், இருபத்து நாலு வயது, டிப்ளமா முடித்து மூன்று வருஷமாக வீட்டில். விருப்ப ஓய்வு வேண்டாம் என்று அப்பாவோடு சண்டை போட்டதைப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் வாரிசு வேலைக்கு உத்தரவு வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். குப்பிகளைக் கேட்டு ரோகிணி போனபோது கதவைத் திறந்து எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். அன்று சாயந்தரமே வீட்டை விட்டுப் போய்விட்டான். கூடப் படித்த சடையப்பன் வீடு கடப்பாக்கத்தில் இருப்பதை விசாரித்து அறிய ரோகிணிக்கு இரண்டு நாள் பிடித்தது.

"ஓடிப்போனவன் ஏன் குப்பியைக் குடுத்துட்டு ஓடுறான்?" என்று அவள் தனக்குள் கேட்பதுபோலக் கேட்டாள்.

"கூமுட்டையா இருப்பான்," என்றான் வரதன்.

சடையப்பன் வீட்டு வாசலில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. "கோட்டையாண்ட கீறான்," என்று கை காட்டினான் சடையப்பன். "வந்ததுலேர்ந்து ஒரு வாய் சோறு துண்ணல. நீங்க யாரு, போலீசா?"

ஆலம்பரைக் கோட்டையில் உச்சி வெயில். சரிந்த செங்கல் மதில்மேல், உப்பங்கழியைப் பார்த்தபடி ஒரு ஒல்லியான பையன் உட்கார்ந்திருந்தான். ரோகிணியைப் பார்த்ததும் குதித்து ஓடினான். மணலில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? வரதன் நாலே எட்டில் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.

"ஓடாதடா. எனக்கு மூச்சு வாங்குது, உனுக்கு சட்டை கிழியுது. ரெண்டு பேருக்கும் நஷ்டம்."

ரோகிணி நெருங்கி வந்து, பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து அபிஷேக்கின் கையில் வைத்தாள். "இதைப் படி."

அவன் புரட்டிப் பார்த்தான். தலைகீழாக்கிப் பார்த்தான். "இது அப்பா எழுத்து மாதிரி புள்ளி. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"தெரியாதா?"

"சத்தியமா. அப்பா கத்துக்கோடான்னார். நான் கத்துக்கல."

ரோகிணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சோர்வு இருந்தது, பயம் இருந்தது. வேறு ஒன்றும் அசையவில்லை. அவள் மூச்சை விட்டாள். "சரி. உக்காரு."

"இன்னா மேடம் எழுதிக்கீது அதுல?" என்றான் வரதன்.

"விஷாகாகிட்டச் சொல்லி எழுதி வாங்கினேன். 'உன் காலடியில் பாம்பு.'"

வரதன் துள்ளிக் குதித்து மதில்மேல் ஏறினான். அபிஷேக் அவனைப் பார்த்தானே தவிர சிரிக்கவில்லை.

"ஏன் ஓடி வந்தே?" என்றாள் ரோகிணி.

"அந்த வேலைக்குப் போக முடியாதுங்க." அவன் மணலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அப்பா இருந்த அதே செக்‌ஷன். அதே இடம்னு சொன்னாங்க. அவர் சாகறதுக்கு முந்தின நாள்கூட நான் கத்தினேன். நீங்க புள்ளி தடவப் போனா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. காலையில நான் எழுந்திருக்கறதுக்குள்ள பஸ் ஏறிட்டார். அப்புறம் போன்தான் வந்தது. இப்ப அதே வேலையை எடுத்துக்கோன்னு அம்மா அழறாங்க. புதுச் சட்டை தைச்சு வச்சிருக்காங்க. நான் எப்படிங்க போடறது?"

"அன்னிக்கு அம்மா ஏன் அப்பாவோட போகல? தினமும் கூட வருவாங்கன்னு அச்சகத்துல சொன்னாங்களே."

"தலைவலின்னாங்க. பஸ்ல ஏத்தி விட்டுட்டு வந்து படுத்துட்டாங்க."

"அம்மாவுக்குப் புள்ளி படிக்கத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். கண்ணால பாத்தே படிப்பாங்க. அப்பாவுக்கு வாசிப்புத் துணை அம்மாதான். பயிற்சி முழுக்கக் கூடவே உக்காந்திருந்தாங்க." அவன் குரல் இளகியது. "அப்பான்னா அம்மாவுக்கு உயிருங்க. உங்களுக்குத் தெரியாது. விஷாகா மேடம் துக்கம் கேக்க வர்றாங்கன்னு போன் வந்த அன்னிக்கு, அம்மா அந்த மருந்துக் குப்பி ரெண்டையும் ஜன்னலோரம் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கையில ஊசி, பக்கத்துல கோந்து பாட்டில். என்னம்மா பண்றேன்னேன். அப்பா எழுத்து தேஞ்சு போச்சுடா, அழியாம சரி பண்றேன்னாங்க. அப்பா போய்ட்டார், அவர் எழுத்தாவது இருக்கட்டும்னு..."

அவன் நிறுத்தினான். ரோகிணி அவன் முகத்திலிருந்து பார்வையை எடுத்துவிட்டதை அவன் கவனித்தான்.

"ஏங்க? என்ன ஆச்சு?"

வரதன் மதிலிலிருந்து இறங்கி வந்து நின்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "மேடம்," என்றான் தாழ்ந்த குரலில், "சொல்லிடாதீங்க."

"வீட்டுக்குப் போலாம் வா," என்றாள் ரோகிணி பையனிடம். "நாங்க கொண்டு விடறோம்."

*

வண்டி கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் நோக்கி ஓடியது. அபிஷேக் பின் சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். வழியில் ஒரு டெலிபோன் பூத்தில் இறங்கி ரோகிணி இரண்டு பேரோடு பேசினாள். முதல் போன் இன்ஸ்பெக்டருக்கு. "பொழுது சாயறதுக்குள்ள வாங்க. பெண் போலீஸ் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க." இரண்டாவது விஷாகாவுக்கு. அந்த ஐந்து பேரையும் எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். யார் என்று விஷாகா கேட்டாள். ரோகிணி சொன்னாள். விஷாகா, "எனக்குக் காபி வாங்கிக் குடுப்பாங்க தினமும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அணுபுரத்தில் வெயில் தணிந்திருந்தது. வரிசை வீடுகளுக்கு முன்னால் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள். ரோகிணி பையனை வண்டியிலேயே வரதனோடு இருக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் உள்ளே போனாள்.

அபிஷேக்கின் அம்மா சுந்தரவல்லி ஐம்பதைத் தொடாத பெண். நெற்றி காலியாக இருந்தது. கூடத்து மேஜைமேல் போர்வையை மடித்துப் போட்டு ஒரு வெளிர்நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பையன் கிடைச்சானாம்மா?"

"வெளிய வண்டியில இருக்கான்."

அவள் முகம் மலர்ந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வாசல் பக்கம் இரண்டடி வைத்தவள், ரோகிணி வழியை விட்டு நகராததைப் பார்த்து நின்றாள்.

ரோகிணி இரண்டு குப்பிகளையும் எடுத்து சட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாலாவது புள்ளி இறங்க மாட்டேங்குதும்மா," என்றாள்.

சுந்தரவல்லி குப்பிகளைப் பார்த்தாள். தெரியாதவள்போல நடிக்கப் போகிறாள் என்று ரோகிணி காத்திருந்தாள். அவள் நடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அவன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அவன் எதுவும் செய்யல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும். அன்னிக்கு அவர் சட்டைப் பையில கல்கண்டு வைக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கல," என்றாள் சுந்தரவல்லி.

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"அந்த நாற்காலியில சும்மா உக்காந்திருந்தாலே போதும்மா," என்றாள் அவள். "இன்னும் ஆறு வருஷம். நான் கெஞ்சினேன். பையன் கெஞ்சினான். அவர் கேக்கல. வல்லி, எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு, செய்யத் தெரிஞ்ச வேலைன்னார். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது. நம்புவீங்களா? ரெண்டுமே இருந்தது. ராத்திரி படுத்தா பையன் முகம் தெரியும். மூணு வருஷமா அவன் யார் முகத்தையும் நிமிர்ந்து பாக்கல. கயிறு வாங்கி வச்சிருந்தான் போன தீபாவளிக்கு. பரண்ல இருந்து நான்தான் எடுத்தேன். அவருக்குச் சொல்லல. கண்ணு தெரியாத மனுஷன்கிட்ட அதை எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருக்கலாம்."

"ஆமா," என்றாள். "சொல்லியிருக்கலாம்."

அவள் மாலைக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.

"தினமும் சாயந்தரம் வீட்டுல பழகுவோம். நான் புஸ்தகத்தைப் பாத்து மனசுக்குள்ள படிப்பேன். அவர் விரலால படிச்சு சத்தமாச் சொல்வார். ஒத்துப்போனா நான் 'சரி'ம்பேன். அடுத்த வரி. மறுபடி 'சரி'. அன்னிக்குக் காலையில நான் அடுப்படியில நின்னேன். அவர் ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்தார். பழக்கதோஷம், சத்தமாப் படிச்சார். 'காலை'ன்னார். படிச்சுட்டு அப்படியே நின்னார். நான் சொல்றதுக்காக."

ரோகிணி அவள் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள்.

"'சரி'ன்னேன்," என்றாள் சுந்தரவல்லி.

ஜன்னல் திறந்திருந்தது. வண்டி ஜன்னலுக்கு நேரே நிற்கவில்லைதான். ஆனால் அபிஷேக் வண்டியில் இல்லை. எப்போது இறங்கினான் என்று தெரியவில்லை, வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அவன் பின்னால் வரதன், பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையை நீட்டியபடி.

தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுந்தரவல்லி எழுந்தாள். நீலச் சட்டையை எடுத்து உதறி, தோள் அளவைச் சரிபார்ப்பதுபோல் அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் கையை மடக்கவும் இல்லை. ஜீப் வந்து நிற்கும்வரை அந்தச் சட்டை இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே இருந்தது.

"அவனுக்கு அந்த வேலை போயிடுமாம்மா?" என்று கேட்டாள் ரோகிணியிடம்.

"தெரியாது."

"அவன் செய்யலைன்னு எழுதிக் குடுத்தா?"

"அந்த வேலைக்கு அவன் போக மாட்டான்மா," என்றாள் ரோகிணி. "உங்களுக்கு அது தெரியாதா?"

சுந்தரவல்லியின் கை அப்போதுதான் கீழே இறங்கியது.

பெண் போலீஸ் அவள் தோளைத் தொட்டாள். பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சுந்தரவல்லி படியிறங்கும்போது மகனைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. நின்றாள்.

"ஃபிரிட்ஜ்ல மாவு இருக்கு. நாளைக்கு வச்சா புளிச்சிடும். இன்னிக்கே ஊத்திச் சாப்பிட்டுடு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீப் போனது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அபிஷேக் கூடத்துக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டான். இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாக இருந்தது. ரோகிணி சுவிட்சை அணைத்தாள். ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் எழுத வேண்டும். பரண் மேல் அவள் பார்வை போயிற்று. மறுபடி பையனைப் பார்த்தாள்.

"நீங்க பஸ்ல போங்க மேடம்," என்றான் வரதன் மெதுவாக. "நான் இன்னிக்கு இங்கயே இருந்துக்கிறேன்."

அவன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டான். அடுப்படிக்குள் போய் விளக்கைப் போட்டான். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"தம்பி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தோசைக்கல்லு எங்க கீது?"

வரதன் மறுபடி கேட்கவில்லை. காத்திருந்தான்.

"கீழ்த் தட்டுல," என்றான் அபிஷேக்.